கதைக்குள் வந்த காலதூதர்



உயிர் உடலை விட்டு நீங்கும் வேளையில் வந்து நிற்பவர் யார் என்ற கேள்விக்கு விடை கூறாத சமயம் அரிது. இந்துக்கள் அவரை யமதருமன் என்பர். இஸ்லாமியர் மலக்குல் மௌத்து என்பர். இஸ்ராயீல் என்ற பெயரும் அவருக்கு வழங்குகின்றது. யூதரும் கிறிஸ்தவரும் மரண தூதரைப் பற்றிப் பேசுவர். பழைய கிரேக்கர் தானதோஸ் என்னும் மரண தேவனையும், பாதாள உலகை ஆளும் ஹேடீஸ் என்னும் மன்னனையும் கொண்டிருந்தனர்.

இப்பெயர்கள் வழிபாட்டுக்கும் மறைநூலுக்கும் உரியவை. இழவு வீட்டில் தாழ்ந்த குரலிற் சொல்லப்படுபவை. இவற்றைக் கதையாசிரியன் ஒருவன் எடுத்துத் தன் கதையில் நடமாட விடலாமா? விடலாமெனில், எந்த அளவுக்கு மாற்றலாம்? தெய்வத்தைத் தொட்டாலே குற்றம் என்பார் ஒருசாரார். எழுதுபவன் கைக்கு எல்லையே இல்லை என்பார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றையும் தீர்த்துச் சொல்லும் முன்னர், உலக இலக்கியத்தில் இக்காலதூதர்கள் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதைக் காண்பது நன்று.

முதலில் நோக்கத்தக்கது, மறைநூல்களே அவர்களை ஒரே நிலையில் வைத்திருக்கவில்லை என்பதாகும். வேதப் பாடல்களில் வரும் யமன் அச்சந் தரும் கொலைஞன் அல்லன். மறுவுலகுக்குச் செல்லும் வழியை முதலிற் கண்டவன் அவன். இறந்து முன்னே சென்ற மூதாதை போன்று, பின்னே வருவோரை வரவேற்று இடம் தருபவனாக அவன் அங்கே விளங்குகின்றான். கட உபநிடதத்திலோ அவன் ஆசிரியனாகின்றான். தந்தையின் சினச் சொல்லால் யமனிடம் அனுப்பப்பட்ட நசிகேதன் என்னும் சிறுவன், யமன் இல்லாத வீட்டில் மூன்று இரவு உண்ணாது காத்திருக்கின்றான். விருந்தினனைப் பசியோடு வைத்த பிழைக்கு ஈடாக யமன் மூன்று வரம் தருகின்றான். மூன்றாவது வரமாக, இறந்தபின் மனிதன் உளனா இலனா என்று கேட்கின்றான் சிறுவன். பொன்னும் யானையும் நீண்ட ஆயுளும் தருகிறேன், இக்கேள்வியை மட்டும் விட்டுவிடு என்று யமன் கெஞ்சுகின்றான். சிறுவன் விடவில்லை. அதன்பின்னரே உபதேசம் தொடங்குகின்றது. மாபாரதத்தில் சாவித்திரியும் இவ்வாறே பின்தொடர்ந்து பேசிப் பேசி வரம் பெறுகின்றாள். இறுதியிற் கணவன் உயிரையும் மீட்கின்றாள்.

இவ்விரு கதைகளிலும் ஒரு பொது இயல்பு உண்டு. யமன் தன் தொழிலிற் பிழைபடவில்லை, கொடியவனாகவும் காட்டப்படவில்லை. ஆயினும் அவன் முன்னே ஒரு சிறுவனும் ஒரு பெண்ணும் நிமிர்ந்து நின்று கேள்வி கேட்கின்றனர். தெய்வத்தின் பெருமையும் குன்றாமல், மனிதனின் பெருமையும் வெளிப்படுகின்றது. பிற்காலக் கதையாசிரியர் பலர் நடந்த பாதைக்கு இது முதலடி எனலாம்.

பௌத்த மறையில் யமன் இன்னுமொரு கோலம் பூணுகின்றான். கி.மு. முதல் நூற்றாண்டில் மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் பாளி மறைநூல்கள் ஏட்டில் எழுதப்பட்டன என்பது இலங்கையின் மரபு. அம்மறையின் மச்சிம நிகாயத்தில் தேவதூத சூத்திரம் என்றொரு பகுதி உண்டு. தீவினை செய்து இறந்தவன் ஒருவனை யமனிடம் கொண்டு வருகின்றனர். 'உலகில் தேவதூதர் வந்ததை நீ காணவில்லையா?' என்ற பொருள்பட யமன் வினவுகின்றான். காணவில்லை என்கிறான் அவன். தன் அழுக்கிலே கிடக்கும் பச்சைக் குழந்தையைக் காணவில்லையா, கூனித் தடியூன்றும் முதியவரைக் காணவில்லையா, நோயாளியைக் காணவில்லையா, தண்டனை பெறும் குற்றவாளியைக் காணவில்லையா, பிணத்தைக் காணவில்லையா என்று யமன் ஒவ்வொன்றாகக் கேட்கின்றான். அவர்களே அந்தத் தேவதூதர்கள்!

தமிழிலே தேவதூதர் என்றவுடன் வெள்ளாடையும் சிறகும் உடைய கிறிஸ்தவ வானவரே பலருக்கு நினைவில் எழுவர். அதே சொல், இச்சூத்திரத்தில் திண்ணையில் இருமிக்கொண்டிருக்கும் கிழவரைக் குறிக்கின்றது. ஒரு சொல் இரு சமயத்தில் இருவகையாகப் பொருள்பட்டும், இரண்டிலும் மேலிருந்து வரும் செய்தி என்ற கருத்து நிலைத்து நிற்பது சிந்தித்தற்குரியது. இன்னொன்றும் உண்டு. அச்சூத்திரத்தின் முடிவில், தானும் மனிதப் பிறவி எடுத்துப் புத்தரின் அறத்தைக் கேட்க வேண்டுமென்று யமனே விரும்புகின்றான். பாதாளத்து நீதிபதிக்கு மனிதனாகும் ஆசை! இதனினும் துணிந்த மறுவிளக்கத்தை இக்காலக் கதாசிரியன் எவனும் எளிதிற் செய்துவிட முடியாது.

இனி, ஒரே கதை சமயத்துக்குச் சமயம் பயணம் செய்த வரலாறு ஒன்றைக் காண்போம். யூதரின் தல்மூது என்னும் நூலில் அக்கதை வருகின்றது. மரண தூதர் துயரோடு இருப்பதைக் கண்ட சாலமன் மன்னர் காரணம் கேட்கின்றார். மன்னரின் எழுத்தர் இருவரின் உயிரைத் தம்மிடம் கேட்டிருக்கின்றனர் என்கிறார் தூதர். மன்னர் அவ்விருவரையும் காப்பாற்ற எண்ணி, சாவு நுழையாத ஊரெனப் பெயர்பெற்ற லூஸ் என்னும் ஊருக்கு அனுப்புகின்றார். அங்கே போய்ச் சேர்ந்ததும் அவர்கள் இறக்கின்றனர். மறுநாள் தூதர் மகிழ்ச்சியோடு நிற்கின்றார். எந்த இடத்தில் அவர்களின் உயிரை எடுக்கவேண்டியிருந்ததோ, அந்த இடத்துக்கே மன்னர் அவர்களை அனுப்பிவிட்டார்.

13ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் ஜலாலுத்தீன் ரூமி இக்கதையைத் தமது மஸ்னவியில் எடுத்தாண்டார். அங்கே ஒருவன் வெளிறிய முகத்துடன் சுலைமான் நபியிடம் ஓடி வருகின்றான். இஸ்ராயீல் தன்னைச் சினந்து பார்த்தார் என்கிறான்; காற்றை ஏவித் தன்னை இந்துஸ்தானத்துக்கு அனுப்பும்படி வேண்டுகின்றான். அவ்வாறே அனுப்பப்படுகின்றான். பின்னர் இஸ்ராயீல் கூறுகின்றார்: அவர் பார்த்தது சினத்தோடு அன்று, வியப்போடு. இந்துஸ்தானத்தில் எடுக்கவேண்டிய உயிர் இங்கே எப்படி நிற்கின்றதென்று அவர் திகைத்திருந்தார்.

ரூமியின் நூலில் இக்கதை ஒரு வாதத்தின் நடுவே வருகின்றது. முயற்சி வீண், இறைவனிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதே தக்கது என்று காட்டு விலங்குகள் சிங்கத்தோடு வாதிடும்போது இதனைச் சொல்கின்றன. சிங்கமோ முயற்சியின் பக்கம் நிற்கின்றது. ஆகவே கதை ஒரு சான்று மட்டுமே; தீர்ப்பு வாசகனிடம் விடப்படுகின்றது.

1933ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தாளர் சோமர்செட் மோம், 'ஷெப்பி' என்னும் நாடகத்தில் அதே கதையைச் சில வரிகளில் அமைத்தார். பக்தாத்து வணிகனின் வேலையாள் சந்தையில் மரணத்தைச் சந்திக்கின்றான். அஞ்சிச் சமாரா நகருக்குக் குதிரையேறி ஓடுகின்றான். மரணம் அங்கே ஒரு பெண். கதையைச் சொல்பவளும் அவளே. அன்றிரவு சமாராவிலேயே அவனைச் சந்திக்கவிருந்ததாக அவள் கூறுவதோடு கதை முடிகின்றது. மறுவாண்டு அமெரிக்க எழுத்தாளர் ஜோன் ஓ'ஹாரா இதிலிருந்தே தம் நாவலுக்குப் பெயர் சூட்டினார்.

மூன்று வடிவிலும் நிகழ்ச்சி ஒன்றே. ஆயினும் தல்மூதில் அறிவிற் சிறந்த மன்னரின் அறிவுக்கும் எல்லை உண்டென்பது பொருளாகின்றது. ரூமியிடம் இறைவனின் ஆணையை விட்டு ஓட இடமில்லை என்பது பொருளாகின்றது. மோமின் கதையில் மன்னரும் இல்லை, இறைவனும் இல்லை. அஞ்சியவனும் அவன் அச்சமும் மட்டுமே எஞ்சுகின்றன. நம்பிக்கை குன்றிய ஒரு காலத்து வாசகன் அக்கதையில் தன்னையே காண்கின்றான். மரண தூதரின் தொழிலை இம்மூவரும் மாற்றவில்லை. அவர் முன் நிற்கும் மனிதனின் கேள்வியையே மாற்றினர்.

தொழிலையே நிறுத்திப் பார்த்த கதைகளும் உண்டு. கிரேக்கர் கதையில் சிசிபஸ் என்னும் தந்திரக்கார மன்னன் மரண தேவனை விலங்கிட்டு அடைக்கின்றான். உலகில் எவரும் இறக்கவில்லை. போர்த் தேவன் வந்து விலங்கை நீக்கவேண்டியதாகின்றது. திருக்கடவூர்த் தலபுராணமும் இதே எண்ணத்தைத் தொடுகின்றது. மார்க்கண்டேயருக்காகச் சிவபெருமான் காலனை உதைத்து வீழ்த்தியபின், இறப்பின்றி உயிர்கள் பெருகின; பூமிதேவி பாரம் தாங்காமல் முறையிட்டாள்; காலன் மீண்டும் உயிர்பெற்றான். 2005ஆம் ஆண்டு போர்த்துக்கேய எழுத்தாளர் ஜோசே சரமாகோ வெளியிட்ட நாவல் ஒன்றில், ஒரு நாட்டில் புத்தாண்டு நாள் முதல் எவரும் இறப்பதில்லை. மக்கள் முதலிற் கொண்டாடுகின்றனர். பின்னர் மருத்துவமனைகள் நிறைகின்றன. சவச்சாலைக்காரரும் காப்புறுதி நிறுவனத்தாரும் கலங்குகின்றனர். சாகவும் பிழைக்கவும் முடியாத முதியோரைக் குடும்பத்தார் எல்லை கடத்திச் செல்கின்றனர். புராணம் ஒரு வரியிற் சொன்னதை நாவல் ஒரு நாட்டின் நிருவாகச் சிக்கலாக விரிக்கின்றது. இரண்டும் காலனுக்கு நன்றி சொல்லவே வாசகனை அழைத்துச் செல்கின்றன.

இதுவரை கூறியவை மதிப்புக் குன்றாத மாற்றங்கள். வேறொரு வகையும் உண்டு. பிறர் தெய்வத்தை எடுத்துத் தம் கதையில் அரக்கனாக்குவது அது. இத்தாலியக் கவிஞர் தாந்தேக்கு முன்னர், உரோமக் கவிஞர் வேர்ஜிலின் காவியத்தில் மீனோஸ் என்பவர் இறந்தோரை விசாரிக்கும் மாண்புமிக்க நீதிபதி. தாந்தேயின் நரகத்திலோ அவர் உறுமும் விலங்கு போன்றவர். வாலைத் தம் உடலில் எத்தனை சுற்றுச் சுற்றுகின்றாரோ, அத்தனையாவது வட்டத்துக்குப் பாவி அனுப்பப்படுகின்றான். ஆங்கிலக் கவிஞர் மில்தன், 1667ஆம் ஆண்டு வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' என்னும் காவியத்தின் முதற் காண்டத்தில், கானானியரும் பிலிஸ்தரும் எகிப்தியரும் வணங்கிய தெய்வங்களை எல்லாம் வானிலிருந்து வீழ்ந்த தூதர்களாக வரிசைப்படுத்துகின்றார். மோலோக்கு, தாகோன், ஒசிரிஸ், ஐசிஸ் முதலிய பெயர்கள் அங்கே சாத்தானின் படைத்தலைவர்க்கு உரியனவாகின்றன.

கவிதையின் ஆற்றலை இங்கு எவரும் மறுக்கமாட்டார். ஆனால் அத்தெய்வங்களை வணங்கியோர் அக்கவிஞரின் காலத்தில் மறைந்திருந்தனர். தம் பக்கத்து நியாயத்தைச் சொல்ல எவரும் எஞ்சவில்லை. இன்று உயிரோடிருக்கும் சமயத்தின் தெய்வத்தை அவ்வாறு எடுத்தாள்பவன், பக்கத்து வீட்டாரின் பூசையறைக்குள் செருப்போடு நுழைபவனை ஒப்பான்.

அதே மில்தன் தம் சமயத்து வானவரை எடுத்தாளும்போது எத்துணை நுட்பமாக நடக்கின்றார்! தோபித்து ஆகமத்தில் ரபாயேல் என்னும் தேவதூதர், தாம் உண்டதுபோலத் தோன்றியது வெறுங் காட்சியே என்று கூறுகின்றார். மில்தனோ ஏதேன் தோட்டத்தில் ரபாயேலை ஆதாமோடும் ஏவாளோடும் அமர்த்தி, உண்மையான பசியோடு உண்ண வைக்கின்றார். விண்ணவனும் மண்ணவனும் ஒரே உணவைப் பகிரலாமென்றால், இருவருக்கும் இடையில் உள்ள தூரம் கடக்கத்தக்கதே என்பது அவர் கருத்து. மேலும், சாத்தானின் கிளர்ச்சிக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் எழுந்து தனியே மறுப்பதாக ஒரு காட்சியை அமைத்தார். அப்தியேல் என்னும் அந்தத் தூதர் விவிலியத்தில் இல்லை. பெயர் மாத்திரமே அங்கு ஒரு மனிதனுக்கு உரியதாக வருகின்றது. பெருங்கூட்டம் தவறும்போது தனித்து நிற்கும் நெஞ்சுரத்துக்கு ஓர் உருவம் வேண்டியிருந்தது, கவிஞர் படைத்தார்.

தமிழும் இத்துறையில் வறியதன்று. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் ஜிபுறயீலைத் தமிழ் பேச வைத்தார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 1726ஆம் ஆண்டில் முடித்த தேம்பாவணியில் சூசையப்பர் கதையை இயற்றி, தேவதூதரைத் தமிழ்க் காப்பிய உலகினுள் கொணர்ந்தார். இருவரும் வானவர் என்ற பழந்தமிழ்ச் சொல்லைத் தத்தம் சமயத்துத் தூதர்க்குத் தயங்காமல் வழங்கினர். சொல் பொதுவானது; நம்பிக்கை அவரவர்க்கு உரியது. பிறர் வீட்டுப் பாத்திரத்தை இரவல் வாங்கிக் கழுவித் திருப்பிக் கொடுக்கும் அயலவர் பண்பை அக்காப்பியங்களிற் காணலாம்.

உரைநடைக் கதைக்கு வருவோமாயின், ருஷிய எழுத்தாளர் தோல்ஸ்தோயின் சிறுகதை ஒன்று முன்னிற்கின்றது. மனிதர் எதனால் வாழ்கின்றனர் என்பதே அதன் தலைப்பும் கேள்வியும். செம்மான் சீமோன் கடுங்குளிரில் கோயிலடியில் ஆடையின்றிக் கிடக்கும் ஒருவனைக் கண்டு வீட்டுக்கு அழைத்து வருகின்றான். அவன் மிக்கேல் என்னும் தேவதூதன். கணவனை இழந்து, இரட்டைப் பெண் குழந்தைகளை அன்றுதான் பெற்றெடுத்த தாய் ஒருத்தியின் உயிரை எடுத்துவர அவன் அனுப்பப்பட்டிருந்தான். குழந்தைகளுக்கு வேறு யாருமில்லை என்று தாய் கெஞ்சியதால் மனமிரங்கி வெறுங்கையோடு திரும்பினான். மீண்டும் அனுப்பப்பட்டு உயிரை எடுத்தபின், மூன்று உண்மைகளைக் கற்கும்வரை மனிதருள் வாழுமாறு பூமியில் தள்ளப்பட்டான். செருப்புத் தைத்து ஆறாண்டு கழிகின்றது. ஒருநாள் அயலாள் ஒருத்தி அதே இரட்டையரைத் தன் பெண்களாகவே வளர்த்து, சப்பாத்து வாங்க அழைத்து வருகின்றாள். தாயின்றிக் குழந்தைகள் பிழைக்கா என்றெண்ணியது தூதனின் அறியாமை என்பது அப்போது அவனுக்கு விளங்குகின்றது.

இக்கதையை வாசிப்பவர் ஒரு தாயின் சாவுக்குச் சமாதானம் சொல்லப்பட்டதாக எண்ணக்கூடும். ஆனால் தோல்ஸ்தோய் சாவுக்கு நியாயம் கற்பிக்கவில்லை. வானவனுக்குத் தெரியாத ஒன்று அயலாள் ஒருத்திக்குத் தெரிந்திருந்தது என்கிறார். விண்ணிலிருந்து வந்தவன் மண்ணிலே மாணவனாகின்றான். நசிகேதனுக்கு யமன் ஆசிரியனானான். இங்கே ஏழைச் செம்மான் குடும்பம் தேவதூதனுக்கு ஆசிரியராகின்றது.

தமிழ்ச் சிறுகதையில் இத்திருப்பத்தைச் செய்தவர் புதுமைப்பித்தன். 1906ஆம் ஆண்டு பிறந்து 1948ஆம் ஆண்டு மறைந்த அவருடைய 'காலனும் கிழவியும்' என்னும் கதையில், மருதாயி என்னும் கிராமத்துக் கிழவியிடம் எருமையேறி யமன் வருகின்றான். அவளுக்கு அச்சமில்லை. வழிப்போக்கனோடு பேசுவதுபோல அவனோடு பேசுகின்றாள். உயிரை எடுப்பதன்றி அவனால் வேறென்ன முடியும் என்று கேட்கின்றாள். ஒன்றை வேறொன்றாக மாற்றலாம், இருப்பதை இல்லாமற் செய்ய அவனால் ஆகுமா என்று மடக்குகின்றாள். வேதம் கற்ற நசிகேதனும் அரசகுமாரி சாவித்திரியும் நின்ற இடத்தில், எழுத்தறியாத உழைப்பாளி ஒருத்தி நிற்கின்றாள். கதையில் நகைச்சுவை உண்டு. ஆனால் நகைக்கப்படுவது நம்பிக்கையன்று, அதிகாரத்தின் மிடுக்கே. யமன் தன் தொழிலோடும் கோலத்தோடும் வந்திருப்பதனாலேதான் கிழவியின் துணிவு நமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. பாசக்கயிறு பொம்மைக் கயிறாக இருந்திருப்பின், அவளது சொல்லுக்கு எடையே இராது.

அண்மைக் காலத்து எழுத்தாளரும் இவ்வழியை விடவில்லை. அவுஸ்திரேலியரான மார்க்கஸ் சூசக் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட 'புத்தகத் திருடி' என்னும் நாவலில் கதை சொல்பவரே மரணம். களம் ஹிட்லர் காலத்து ஜெர்மனி. குண்டு வீழ்ந்த தெருக்களிலும் போர்க்களங்களிலும் உயிர்களைச் சுமந்து சுமந்து களைத்த ஒருவராக மரணம் அங்கே பேசுகின்றார். அளவின்றிக் கொன்றவர் மனிதர்; காலதூதருக்கு வேலை மட்டுமே பெருகிற்று. மரணத்தைக் கண்டு மனிதன் அஞ்சிய காலம் போய், மனிதனைக் கண்டு மரணம் திகைக்கும் நிலை வந்துவிட்டதை அந்நாவல் உணர்த்துகின்றது.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். வானவரையும் காலனையும் கதையில் மறுவிளக்கம் செய்வது இன்றைய எழுத்தாளன் கண்டுபிடித்த துடுக்குத்தனமன்று. மறைநூல்களின் உள்ளேயே தொடங்கிய பழைய வழக்கம் அது. அதனாற் கதையாசிரியனுக்கு உரிமை உண்டு. உரிமையோடு கடமையும் உண்டு. எடுத்தாளும் தெய்வத்தின் தொழில் யாது, அதை நம்புவோர் எந்த வேளையில் அப்பெயரைச் சொல்கின்றனர் என்பதை அவன் முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அறிந்தபின் கேள்வி கேட்கலாம், வாதாடலாம், சிரிக்கவும் செய்யலாம். அறியாமல் எடுப்பவன் கையில் யமன் வெறும் மீசையாகவும், தேவதூதர் வெறும் சிறகாகவும் சுருங்கிப் போவர்.

பௌத்தரும் இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் அருகருகே வாழும் இலங்கையில் இது ஏட்டளவிலான விவாதமன்று. இங்கே ஒரு தெருவில் சாவு நிகழ்ந்தால், நான்கு சமயத்தாரும் அந்த வீட்டு வாசலில் வந்து நிற்கின்றனர். அவரவர் நெஞ்சில் வெவ்வேறு காலதூதர். முன்னே கிடப்பதோ ஒரே துயரம். எழுதியவன் தன் கதைக்கு ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாம். அந்த வாசலில் நிற்கும் அயற்சமயத்தவர் ஒருவர் கையில் அக்கதையைக் கொடுக்க அவன் கூசுவானா? நசிகேதன் கதையையும், ரூமியின் கதையையும், செம்மான் வீட்டுத் தேவதூதனையும், மருதாயிக் கிழவியையும் எவர் கையிலும் கூசாமற் கொடுக்கலாம். வாசித்தவர் தம் சமயத்தை விட்டு ஓரடியும் நகர வேண்டியதில்லை. ஆயினும் அடுத்தவர் காத்திருக்கும் தூதர் எத்தகையவர் என்பதை அவர் சற்றே அறிந்தவராவார்.